மருத்துவர் பதில்கள்: குடித்திருந்தவரின் தலையில் அடிபட்டால்

சென்ற இதழில் தலைக்கவசம் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, விழுந்தவரிடம் மது வாடை வீசுகிறது என்பதற்காக அவரைத் தூங்க விட்டுவிடக் கூடாது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை மிகுதி. ஆகவே இவ்விதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் அக்காள் கணவர் குடித்துவிட்டு பைக்கில் வந்தபோது சாலைத் தடுப்பில் மோதி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்று பன்னிரண்டு நாள் ஐ.சி.யு.வில் இருந்து பிழைத்து வந்துவிட்டார். "போதையில் இருந்ததால்தான் மூளை தப்பித்தது, தெளிவாக இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பான்" என்று அவருடைய நண்பர்கள் வீடு தேடி வந்து சொல்கிறார்கள். மது மூளைச் செல்கள் சாவதைத் தடுக்கும் என்று அமெரிக்க ஆய்வு சொல்வதாக வாட்ஸ்அப்பிலும் வந்தது. இதில் உண்மை இருக்கிறதா, டாக்டர்?
— வாசகி, தஞ்சாவூர்

அவர் பிழைத்து வீடு திரும்பியது நல்ல செய்தி, அம்மா. நண்பர்கள் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது நேர்மையாக இராது. அந்தப் பேச்சுக்கு அடியில் மெய்யான ஆய்வுகள் இருக்கின்றன. அவை சொல்லாததையும் சொன்னதாக இவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தலையில் அடி விழுந்த நொடியிலேயே சாகும் செல்கள் ஒரு பங்கு. நசுங்கிய இடத்திலும் கிழிந்த ரத்தக் குழாயின் ஓரத்திலும் இருந்தவை அவை. அவற்றை எந்த மருத்துவராலும் மீட்க முடியாது. எங்கள் போராட்டமெல்லாம் அடுத்த சில மணி நேரத்திலும் சில நாட்களிலும் சாகக் காத்திருக்கும் செல்களைக் குறித்ததே. சிதைந்த நரம்புச் செல்களிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. சாதாரண நாளில் ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்வதற்குத் துளித்துளியாகப் பயன்படுத்தும் அதே பொருள்தான். அது அளவு மீறும்போது, பக்கத்துச் செல்லின் சுவரில் உள்ள என்.எம்.டி.ஏ. என்னும் வாயில்கள் திறந்தது திறந்தபடியே நின்றுவிட, அவற்றின் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் பெருகிய செல்லுக்குள், புரதத்தைக் கத்தரிக்கும் நொதிகள் கிளம்பிச் செல்லின் சட்டகத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கிச் செயலிழக்கின்றன. சில செல்கள் உப்பி வெடித்துச் சாகும். வேறு சில, தம்மைத் தாமே படிப்படியாகக் கலைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும்.

மது இங்கேதான் நுழைகிறது. அந்த என்.எம்.டி.ஏ. வாயிலை மதுவில் உள்ள எத்தனால் ஓரளவு அடைத்துவிடுகிறது என்பதை, குடித்த மனிதரின் ரத்தத்தில் இருக்கக்கூடிய அளவுகளிலேயே, 1989-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாயில் அடைபட்டால் கால்சியம் பாய்வது குறையும், செல் சாவதும் குறையக்கூடும் என்பது நியாயமான ஊகம். 1997-ல் கலிபோர்னியாவில் எலிகளுக்கு முன்கூட்டியே மதுவைச் செலுத்திப் பிறகு மூளையில் காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, குறைந்த அளவும் நடுத்தர அளவும் பெற்ற எலிகள், மதுவே பெறாத எலிகளைவிட நன்றாகத் தேறின. ஆனால் எடையில் கிலோவுக்கு 3 கிராம் என்ற அளவு பெற்ற எலிகளின் நிலை மோசமாயிற்று. அவற்றில் இறந்தவையும் அதிகம். வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும் பயணம் செய்கிறது.

உங்களுக்கு வந்த செய்தி அநேகமாக 2009-ல் வெளியான ஆய்வாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய விபத்துக் காயப் பதிவேட்டிலிருந்து, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தலைக்காயம் பட்ட 38,019 பேரின் விவரங்களை எடுத்து, ரத்தத்தில் மது இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மது இருந்தவர்களில் 7.7 சதவீதமும் இல்லாதவர்களில் 9.7 சதவீதமும் இறந்திருந்தார்கள். அதே ஆய்வில், மது இருந்தவர்களுக்குச் சிகிச்சையின்போது சிக்கல்கள் கூடுதலாக ஏற்பட்டிருந்தன என்பதும் இருக்கிறது. அதை யாரும் பகிரவில்லை.

இந்த இரண்டு சதவீத வேறுபாட்டை மதுவின் கணக்கில் வரவு வைப்பதற்கு நான் ஏன் தயங்குகிறேன் என்றால், அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் மருத்துவமனைவரை வந்து சேர்ந்தவர்கள். சாலையிலேயே மூச்சு நின்றுபோனவர்கள் அதில் இல்லை. தவிர, குடித்து விழுபவர்களில் இளம் ஆண்கள் அதிகம். அறுபது வயதுக்காரரைவிட அவர்கள் தேறிவிடுவார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. வயது போன்றவற்றைக் கணக்கிட்டுச் சரிசெய்ய முயல்வார்கள் என்றாலும், முழுவதும் சரிசெய்துவிட முடிவதில்லை.   

என்.எம்.டி.ஏ. வாயிலை அடைப்பதுதான் பலன் தருகிறது என்றால், அதைவிடத் துல்லியமாக அடைக்கும் மருந்துகள் இன்னும் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? செல்ஃபோடெல் என்ற மருந்தை 1990-களில் தலைக்காய நோயாளிகளிடம் சோதித்துப் பாதியில் நிறுத்தினார்கள். அதே வாயிலில் குறுக்கே நிற்கக்கூடிய மக்னீசியத்தை சியாட்டிலில் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டபோது பலன் எதுவும் தெரியவில்லை. புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் வேறு வழியில் செல்களைக் காக்கும் என்று எலிகளில் பிரமாதமாகத் தெரிந்தது. 2014-ல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தபோது மனிதர்களில் அதுவும் கைகொடுக்கவில்லை. எலியின் மூளையிலிருந்து மனிதரின் மூளைக்கு வரும் வழியில் இத்துறையில் கவிழ்ந்த வண்டிகள் ஏராளம்.

அதற்கு மேல், மது அந்த வாயிலோடு நிற்பதில்லை. மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியையும் அது மந்தமாக்குகிறது. பலமான அடி விழுந்தவுடன் சில நொடிகள் மூச்சு நின்று மீள்வது இயல்பு. பன்றிகளில் செய்த ஆய்வுகளில், முன்பே மது கொடுக்கப்பட்டிருந்தால் அந்த மூச்சடைப்பு கூடுதலாக இருந்தது. மூச்சு குறைந்தால் ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு ஏறும்; அது ஏறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும்; மண்டையோட்டுக்குள் விரிவதற்கு இடமில்லை என்பதால் அழுத்தம் ஏறும். இன்னொரு பக்கம் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். மது சிறுநீரைப் பெருக்கி உடலில் நீரைக் குறைப்பதாலும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதாலும் ரத்த அழுத்தமும் சரியலாம். கடுமையான தலைக்காயத்தில் ஒரே ஒரு முறை மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனாலே இறப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது 1993 முதல் நாங்கள் பாடமாகப் படிப்பது. கால்சியத்தின் கணக்கில் ஒரு பிடி செல் மிஞ்சியது என்றே வைத்துக்கொண்டாலும், மூச்சின் கணக்கில் ஒரு மரக்கால் போய்விடும்.

உங்கள் அக்காள் கணவரைக் காப்பாற்றியது, யாரோ நேரத்தில் வண்டி பிடித்ததும், அந்தப் பன்னிரண்டு நாள் செவிலியர்கள் விடாமல் பார்த்துக்கொண்டதும்தான் என்று அந்த நண்பர்களிடம் சொல்லுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ரூமில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம். சம்பள நாள் இரவில் ஒருவன் மாடிப்படியில் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்து தலையில் இடித்துக்கொண்டான். உடனே எழுந்து நன்றாகப் பேசினான், சிரித்தான். சற்று நேரத்தில் படுத்துத் தூங்கிவிட்டான். பலமாகக் குறட்டை விட்டான். போதை தெளிந்ததும் எழுந்துவிடுவான் என்று விட்டுவிட்டோம். காலையில் எழுப்பினால் எழவில்லை. ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது கை இன்னும் தூக்க வரவில்லை. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் ஐயா?
— வாசகர், திருப்பூர்

தம்பி, நீங்கள் செய்தது பலரும் செய்வது. படித்தவர்களும், சில சமயம் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருப்பவர்களுமேகூட, வாடை வந்தவுடன் 'குடிகேஸ்' என்று ஒரு ஓரமாகப் படுக்க வைத்துவிடுவதுண்டு. எனவே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசினார் என்பதைத்தான் நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓடும் தமனி, எலும்பு விரிசல் விட்டால் கிழிகிறது. அடியின் அதிர்ச்சியிலிருந்து மூளை மீண்டு, மனிதர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழித்து மீண்டும் மயக்கம் வரும்போது, குடிக்காதவராக இருந்தால் வீட்டார் அலறி எழுவார்கள். குடித்தவராக இருந்தால் போர்வை போர்த்திவிடுவார்கள். உங்கள் நண்பருக்கு நேர்ந்தது இதுவா, வேறு வகை ரத்தக்கட்டா என்பதை ஸ்கேன் பார்த்தவர்களே சொல்ல முடியும். வலது கை பாதிக்கப்பட்டிருப்பதால், கட்டு மூளையின் இடது பக்கத்தை அழுத்தியிருக்கலாம்.

அந்தக் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவிழப்பவரின் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிந்து காற்று வழியை அடைக்கின்றன. அந்த இடுக்கில் காற்று நுழையும் ஓசைதான் அது. வழக்கமாகக் குறட்டை விடாதவர், தலையில் அடிபட்ட பிறகு பலமாகக் குறட்டை விட்டால் அதை ஆழ்ந்த தூக்கம் என்று எண்ண வேண்டாம். தோளைத் தட்டி, பெயர் சொல்லி, உரக்க எழுப்பிப் பாருங்கள். கண் திறக்கிறாரா, இடம் நாள் சொல்கிறாரா, 'என் விரலை இறுக்கிப் பிடி' என்றால் இரண்டு கையாலும் ஒரே பலத்தோடு பிடிக்கிறாரா?

நாங்களும் அவசரப் பிரிவில் இதையேதான் செய்கிறோம். 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இது. இன்றைய வடிவில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண். 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். குடித்திருப்பதால் இந்த மதிப்பெண் எவ்வளவு குறையும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். மூளையில் காயம் பட்டவர்களிடையே, ரத்தத்தில் மது இருந்ததால் ஏற்பட்ட வித்தியாசம் சராசரியாக ஒரு மதிப்பெண்ணைக்கூட எட்டவில்லை. மிதமிஞ்சிக் குடித்தவர் விதிவிலக்காக இருக்கலாம். மற்றபடி, 15-க்கு 10 வாங்கும் ஒருவரைப் பார்த்து 'சரக்கு வேலை செய்கிறது' என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 2000-ல் நியூ ஆர்லியன்ஸில் வகுக்கப்பட்ட விதிமுறை, இலேசான தலைக்காயத்தில் யாருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும் என்பதற்குத் தரும் ஏழு காரணங்களில் போதையில் இருப்பதும் ஒன்று. அதாவது வாடை வந்தால் ஸ்கேன் எடு என்கிறது. காத்திரு என்று சொல்லவில்லை.

'தெளியட்டும்' என்று காத்திருப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 200 மில்லி கிராம் மது இருந்தால், கல்லீரல் மணிக்கு 15 முதல் 20 மில்லி கிராம் வீதமே அதைக் குறைக்கும். முழுவதும் தீர 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. ரத்தக்கட்டோ அத்தனை நேரம் பொறுக்காது. மூளையுறைக்கு அடியில் திடீரென்று ரத்தம் கட்டியவர்களைப் பற்றி 1981-ல் வெளியான ஆய்வில், 4 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 சதவீதமும், அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 90 சதவீதமும் இறந்திருந்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தாமதம் நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

எனவே 108-ஐ அழைத்திருக்க வேண்டும். வண்டி வரும்வரை, தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இருவர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வந்தால் வெளியே வழிந்தோடும்படி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பலர் மழுப்புகிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும், ரத்தச் சர்க்கரையைக் கவனிப்பவருக்கும் அந்த விவரம் தேவை. சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கியும் மயக்கம் வரலாம்.

குடித்து விழுந்து மயங்கியவருக்கு மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தோ, தலையில் தண்ணீர் ஊற்றியோ, வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தோ தெளிய வைக்கலாமா?
— வாசகர், தேனி

எதுவும் கூடாது. கல்லீரலின் வேகத்தை மோர் கூட்டாது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கும் உணர்வும் இருமலும் மட்டுப்பட்டிருப்பதால், ஊற்றியதோ வாந்தியோ நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்க வைக்கும்போது ஏற்படும் முக்கல் மண்டையோட்டின் உள்ளழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

என் தந்தைக்கு 62 வயது. முப்பது வருடமாகத் தினமும் குடிப்பவர். மூன்று வாரத்துக்கு முன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். ரத்தம்கூட வரவில்லை. இப்போது காலையில் தலைவலி, நடை தள்ளாட்டம், பேச்சில் மறதி. அருகில் உள்ள மருத்துவர் 'குடியினால் வந்தது' என்று சத்து மாத்திரை கொடுத்தார். அது போதுமா?
— வாசகி, விழுப்புரம்

போதாது, அம்மா. இந்த வாரமே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கம் மிகுந்தாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, வலிப்பு வந்தாலோ இந்த வாரம் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பல ஆண்டுக் குடி மூளையைச் சுருக்குகிறது. சுருங்கிய மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே வெற்றிடம் கூடும்போது, இரண்டையும் இணைத்து ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். நிலைப்படியில் பட்ட சிறு இடி போதும், ஒன்று கசியத் தொடங்கும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதற்கான புரதங்கள் குறைவு. தட்டணுக்களும் பெரும்பாலும் குறைந்திருக்கும். எனவே கசிவு சட்டென்று நிற்காது. வாரக்கணக்கில் சேர்ந்து, திரவமாகி, மூளையை மெல்ல அழுத்தும். உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று அறிகுறிகளும் அதற்குப் பொருந்துகின்றன. அது அதுதான் என்று ஸ்கேன் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லை என்று யாராலும் ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது. மண்டையோட்டில் ஒன்றிரண்டு சிறு துளைகள் போட்டு அந்தத் திரவத்தை வடித்துவிட்டால், பக்கவாதம் என்று பயந்துகொண்டிருந்தவர்கள் சில நாளில் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். என் தொழிலில் மனநிறைவு தரும் அறுவைச் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

மருத்துவமனையில் சேர்த்தால் அவருக்குக் குடி திடீரென்று நின்றுபோகும். தஞ்சை வாசகிக்குச் சொன்ன அந்த வாயில்கள் நினைவிருக்கிறதா? வருடக்கணக்கில் மது அடைத்துக்கொண்டே இருப்பதால், அதை ஈடுகட்ட மூளை கூடுதல் வாயில்களை உண்டாக்கிக்கொள்கிறது. மது நின்றவுடன் அத்தனையும் ஒருசேரத் திறந்துகொள்கின்றன. கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடும் குழப்பமும் இல்லாததைப் பார்த்துப் பேசுவதும் வரலாம். அதே வேளையில் காயத்தால் குளுட்டமேட் கொட்டிக்கொண்டிருந்தால் செல்களுக்கு இரட்டை அடி. எலியில் ஒரு முறை கொடுத்த மதுவின் கணக்கை, தினமும் குடிப்பவரின் மூளைக்குப் பொருத்தவே முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை. எனவே முப்பது வருடப் பழக்கம் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த வலிப்பையும் குழப்பத்தையும் தடுக்க மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் பி1 ஆகிய தயமினை ஊசியாகப் போட வேண்டியிருக்கும். அது குறைந்தாலும் நடைத் தள்ளாட்டமும் குழப்பமும் வரும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் மறக்காமல் சேர்ப்பது எங்கள் வழக்கம். உங்கள் மருத்துவர் கொடுத்த சத்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்; அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

தலைக்காயத்துக்கு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகிறது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். அளவோடு ஒரு பீர் குடித்தால் தவறா?
— வாசகர், சேலம்

தவறு. காயம்பட்ட மூளைக்கு முன்பு பழகிய அளவு பொருந்தாது. ஒரு பீருக்கே நடை தடுமாறி மீண்டும் விழுந்து வருகிறவர்கள் உண்டு. தழும்பு விழுந்த மூளையில் வலிப்பு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் வரக்கூடும். மது மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டும். குடித்த இரவில் பலர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் மது இறங்கும் வேளையில்தான் வலிப்புக்கு வாய்ப்பு அதிகம். வேறொரு ஊர்க்காரர் இதே கேள்வியைக் கேட்டு, மாத்திரை சாப்பிடும் நாளில் குடிக்காமல், குடிக்கும் நாளில் மாத்திரை சாப்பிடாமல் இருந்தால் சரிதானே என்று கூடவே ஒரு யோசனையும் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், அதை நிறுத்துவது எப்போது என்பதை உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் முடிவு செய்யட்டும், அதற்குப் பிறகும், பீரைப் பற்றி அவரிடமே நேரில் கேளுங்கள்.